இரண்டாவது பீரியட்

இன்றைக்கு என்ன சொல்வது? வேன் ரிப்பேர் என்று சொல்லியாயிற்று. மழை என்றும் சொல்லியாயிற்று, வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில். டீச்சர் சித்திகாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் அழுவாள், பார்க்கப் போகணும் என்பாள். உண்மையையே சொல்லிவிடலாம். அந்த உண்மையை எந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

தோசைக்கல்லின் முன்னால் நின்று ஜெரூஷா இப்படி யோசித்துக்கொண்டிருந்தாள். வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் அவள் தங்கை தபீதாள் தயாராக நின்றாள். தலை வாரியிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் தண்ணீர் பாட்டில். தபீதாளுக்கு நாற்பத்து மூன்று வயது. பேச்சு தாமதமாக வந்தது. கணக்கும் கடிகாரமும் வரவேயில்லை. ஆனால் காலையில் வேன் வரும் நேரம் மட்டும் அவள் உடம்புக்குத் தெரியும். ஏரிக்கரைப் பக்கம், அவளைப் போன்றவர்களுக்காக மாநகராட்சி நடத்திய பகல் மையத்துக்கு அவள் ஆண்டுக்கணக்காகப் போய்வந்தாள். அங்கே காகித உறை ஒட்டுவாள், கொத்தமல்லி ஆய்ந்து கட்டுவாள், மதியம் தோழி இரம்மின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள், சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பி வருவாள். இப்போது அந்த மையத்தின் கேட்டில் பூட்டு தொங்கியது. அது தபீதாளுக்கு மட்டும் தெரியாது.

"அக்கா, வேன் லேட்டு" என்றாள் தபீதாள், உள்ளே எட்டிப்பார்த்து. "இரம் தேடும்."

"உள்ள வா தபி. தோசை சாப்பிடு."

"இரம் வருமா?"

ஜெரூஷா தோசையைத் திருப்பிப் போட்டாள். அது கருகியிருந்தது.

எல்லாம் வீட்டு வரியில் தொடங்கியது. அஸ்தினாபுரத்தில் அவர்கள் இருந்த பெத்தானியா நகர், ஒரு காலத்தில் ஏரிக்கரைக்கு இறங்கும் சேற்றுப் பாதைகளின் பகுதி. பிறகு மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிகள் எழுந்தன, சாலை அகலமானது, நிலத்தின் விலை ஏறியது. ஒரு நாள் மாநகராட்சி அவர்கள் தெருக்களை மேல்வகைக்கு மாற்றியது. அரையாண்டு வரி ஒரே தாவலில் எங்கோ போய் நின்றது. அந்த வாரம் காய்கறி வண்டிக்காரரிடம்கூட யாரும் வேறு எதையும் பேசவில்லை. எதிர்வீட்டு சுப்பராயலு சார் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஜெரூஷாவிடம் கேட்ட கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. வீட்டின் மதிப்பு ஏறியிருக்கிறதாம். சரி, இந்தச் சுவரைப் பிய்த்தா விற்று வரி கட்டுவது என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. பதில் என்பதைவிட ஒரு பாடம் இருந்தது. தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் அமெரிக்க வரலாறு நடத்தினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் கலிபோர்னியாவில் வீட்டுச் சொந்தக்காரர்கள் சொத்து வரியை எதிர்த்து எழுந்த கதை அவளுக்கு மிகவும் பிடித்த பாடம். அதை எப்போதும் இரண்டு பீரியடாகப் பிரித்து நடத்துவாள். முதல் பீரியடில், அவர்களுக்கு ஏன் கோபம் வந்தது. இரண்டாவது பீரியடில், அந்தக் கோபம் எங்கே போய்ச் சேர்ந்தது. முதலாவதற்கு மட்டும் வந்துவிட்டு கேன்டீனுக்கு ஓடுகிற பெண்களிடம் சொல்வாள்: பாதிப் பாடம் கேட்டவள் பாடமே கேட்காதவளைவிட ஆபத்தானவள். பெண்கள் சிரிப்பார்கள்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் சத்தியநாதன், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், திருச்சபையிலும் கமிட்டி உறுப்பினர். மேடவாக்கம் சாலையில் ஐ.டி. பெண்களுக்கான விடுதிகள் இரண்டு நடத்திவந்தார். அவர்தான் ஜெரூஷாவைச் சங்கக் கூட்டத்தில் பேச அழைத்தார். அழைக்கச் சொன்னது அவள் கணவன் டெனிஸ் என்று பிறகு தெரிந்தபோது அவளுக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

அந்தச் சந்தோஷத்தைப் பின்னால் அவள் பலமுறை எடுத்து எடுத்துப் பார்த்தாள், குத்திய முள்ளை எடுத்த பிறகும் அந்த இடத்தைத் தடவிப்பார்ப்பதுபோல. ஞாயிறு பள்ளிக் கூடத்தின் சின்ன நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். டெனிஸ் முதல் வரிசையில் இருந்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்களில் அவர் அவளிடம் இன்றைக்கு என்ன பாடம் நடத்தினாய் என்று கேட்டதில்லை. அவளும் அதை ஒரு குறையாக எண்ணியதில்லை. அன்று அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். அவள் பேசினாள். கலிபோர்னியாவில் ஓய்வு பெற்ற கணவன் மனைவி ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள், சுற்றிலும் விலை ஏறுகிறது, கையில் ஒரு காசு கூடவில்லை, ஆனால் வரி ஏறிக்கொண்டே போகிறது என்றாள். வாழ்ந்த வீட்டை விற்கவேண்டி வருமோ என்ற பயத்தை விவரித்தாள். சுப்பராயலு சார் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் கையெழுத்து வாங்கினார்கள், தேர்தலில் ஓட்டுப் போட்டு வரிக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள் என்று அவள் சொன்னபோது, சின்ன நாற்காலிகளிலிருந்து ஆட்கள் எழுந்து நின்றே கைதட்டினார்கள்.

அவள் தண்ணீர் குடித்துவிட்டு, இனிமேல்தான் பாடமே என்று தொடங்கினாள். சத்தியநாதன் கையைக் கூப்பி எழுந்துவந்தார்.

"மேடம், பிரமாதம். பாக்கிய அடுத்த வாரம் வச்சுக்கலாம். ஜெபக்கூட்டத்துக்கு ஹால விடணும்."

அது நியாயமாகவே பட்டது. பாடத்தின் நடுவில் மணி அடிப்பது அவளுக்குப் புதிதல்ல.

அடுத்த வாரம் கூட்டம் இல்லை. அதற்குப் பதிலாகத் தெருமுனையில் ஒரு பிளெக்ஸ் போர்டு வந்தது. கலிபோர்னியாவில் முடிந்தது, நம்மால் முடியாதா என்று அதில் பெரிய எழுத்து. கீழே மைக்கைப் பிடித்தபடி ஜெரூஷா. படம் டெனிஸின் போனில் எடுத்தது. வீடுதோறும் கேட்டில் கறுப்புக்கொடி கட்டினார்கள். சுப்பராயலு சாரின் வீட்டில் கட்ட ஆள் இல்லை என்று அவளே போய்க் கட்டினாள். மிச்சப் பாடம் எப்போது என்று சத்தியநாதனிடம் கேட்டபோது, ஜெயித்த பிறகு நிதானமாக வைத்துக்கொள்வோம் மேடம், இப்போது ஜனங்களைக் குழப்பவேண்டாம் என்றார். டெனிஸிடமும் சொன்னாள். அவர், நீ நடத்தினதிலேயே அதுதான் நல்ல கிளாஸ், அப்படியே இருக்கட்டும் ஜெரு, என்று அவள் தலையைத் தொட்டார். மேடவாக்கம் சாலையில் அவரும் அவர் அண்ணனும் சேர்ந்து வாடகைக்கு விட்டிருந்த மூன்று கடைகள் அப்போது அவள் நினைவுக்கு வரவில்லை. சங்கம் கேட்டது எல்லாக் கட்டடங்களுக்கும் ஒரே மாதிரியான குறைப்பு என்பதும் அவள் காதில் விழுந்திருந்தது, மனதில் தங்கவில்லை. அவள் மனதில் சுப்பராயலு சாரின் சுவர் மட்டும் இருந்தது.

சங்கம் ஜெயித்தது. தெருக்கள் பழைய வகைக்கே திரும்பின. வெற்றிக் கூட்டம் அதே ஹாலில் நடந்தது. சுப்பராயலு சார் லட்டு வாங்கி வந்திருந்தார், தன் கையாலேயே எல்லோருக்கும் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க ஜெரூஷாவுக்கு நிறைவாக இருந்தது. அந்த நிறைவு பொய்யல்ல; இப்போதும் அவள் அதைப் பொய் என்று சொல்லமாட்டாள்.

பிறகு சத்தியநாதன் மைக்கைப் பிடித்தார். பேச்சுவார்த்தைக்குச் சங்கத்திலிருந்து ஐந்து பேர் போனதையும், அதிகாரி தங்களுக்குக் காப்பி வரவழைத்ததையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். டெனிஸ் அந்த ஐந்து பேரில் ஒருவர்.

"அதிகாரி நம்மள மடக்கிட்டார். வரியக் குறைக்கிறேன், எந்தச் செலவக் குறைக்கட்டும், நீங்களே சொல்லுங்கன்னார். எல்லாரும் முழிக்கிறோம். அப்பதான் நம்ம டெனிஸ் வாயத் திறந்தார். 'எங்க ஏரியாவுல ஒரு மையம் ஓடுது சார். என் கொழுந்தியாவே அங்கதான் போறா. அத மூடுங்க. எங்க வீட்டு ஆளுங்கள எங்க வீட்ல நாங்க பாத்துக்குவோம். குடும்பம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?' அவ்ளோதான். அதிகாரி உடனே ஒத்துக்கிட்டார். வேற யார் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. சொந்த வீட்லருந்து எடுத்துக் கொடுத்தார் பாருங்க, அதான் தியாகம்."

கைதட்டல் எழுந்தது. ஜெரூஷாவின் கைகளும் தட்டத் தொடங்கியிருந்தன. சொற்களின் அர்த்தம் கைகளுக்குப் போய்ச்சேர்வதற்குள் அவை சில தடவை தட்டிவிட்டன. பிறகு அவற்றை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். லட்டின் நெய் விரல்களில் பளபளத்தது. பக்கத்திலிருந்த பெண் அவள் தோளைத் தட்டி, கொடுத்துவைத்தவங்க நீங்க என்றாள்.

அன்றிரவு தபீதாள் தூங்கிய பிறகு ஜெரூஷா கேட்டாள்.

"நாங்க பாத்துக்குவோம்னு சொன்னீங்களாமே. யார் பாத்துக்குவாங்க?"

டெனிஸ் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ஏன், நாமதான். இத்தன வருஷமா யார் பாத்தா? அவள நான் என்னிக்காவது பாரம்னு சொல்லியிருக்கேனா ஜெரு?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"பகல்ல நீங்க சிறுசேரி ஆபீஸ்ல இருக்கீங்க. நான் காலேஜ்ல இருக்கேன்."

"நீ வி.ஆர்.எஸ். வாங்கிக்கலாம். எத்தன வருஷம் இதே பாடத்த நடத்துவ? பென்ஷன் வரும், நிம்மதியா இருக்கலாம்." அவர் குரலில் வஞ்சகம் இல்லை. அவளுக்கு ஒரு பரிசு கொண்டுவந்தவர்போல இருந்தது அந்த முகம். அந்தப் பென்ஷனும் யாரோ கட்டும் வரிதான் என்று அவள் சொல்லவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"அங்க கேக்க நேரமில்ல. டக்குனு தோணுச்சு, சொல்லிட்டேன். வேல முடிஞ்சுதா இல்லையா?"

அது டக்கென்று தோன்றியதா, முன்பே தீர்மானித்ததா என்பதை அவள் பல இரவுகள் எடைபோட்டாள். இரண்டில் எது குறைந்த துரோகம் என்று அவளால் முடிவுசெய்ய முடியவில்லை. கல்யாணப் பேச்சின்போது அவளைப் பார்க்க வந்த டெனிஸ், கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்த தபீதாளைப் பார்த்துவிட்டு, இவங்களும் நம்மோடதான் இருப்பாங்க என்று யாரும் கேட்காமலேயே சொன்னவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் சம்மதித்தாள். அவர் அதைக் காப்பாற்றினார். தபீதாளுக்குச் செருப்பு அளவு அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மீனில் முள்ளெடுத்து வைப்பார். அந்த நல்ல மனுஷனை யாரும் குறைசொல்ல முடியாது. அந்த நல்ல மனுஷன் என்ற பெயரைத்தான் அவர் அதிகாரியின் மேசையில் எடுத்துவைத்தார். கெட்டவன் ஒருவன் அவளை ஏமாற்றியிருந்தால் அவளுக்கு இவ்வளவு தனிமையாக இருந்திருக்காது.

மையத்தைப் பூட்டிய அன்று அவள் போனாள். சித்திகா அங்கே எட்டு வருடமாகப் பயிற்றுநராக இருந்தவள். அவள் மகள் இரம்மும் அங்கேயே வந்துகொண்டிருந்தாள். இரம் பேசமாட்டாள், ஆனால் தபீதாளின் கையை மட்டும் யார் சொன்னாலும் விடமாட்டாள். அன்று அவள் படியில் உட்கார்ந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுவிட்ட தன் ஸ்டூலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். மதில்மேல் பூசணிக்கொடி படர்ந்து கிடந்தது. தபீதாள் தினமும் தன் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை அதற்கு ஊற்றிவிட்டுத்தான் வேனில் ஏறுவாள். ஒரு காய் மட்டும் பிடித்து, கேட்டின் கம்பியில் சாய்ந்து பெருத்துக்கொண்டிருந்தது.

சித்திகா அவளை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"போர்டுல உங்க போட்டோ பாத்தப்போ நா சந்தோசப்பட்டேன் மேடம். நம்ம தபியோட அக்கா, நமக்கு எதுனா நல்லது பண்ணுவாங்கன்னு நெனச்சுகினேன்" என்றாள். சாவிக்கொத்திலிருந்து சாவிகளைக் கழற்றியபடியே சொன்னாள். "வரி கொறஞ்சா வூட்டுக்காரர் வாடகைய கொறைப்பாருன்னுகூட நெனச்சேன். போன வாரம் ஏத்திட்டாரு. கறுப்புக்கொடி அவரு வூட்லயும்தான் கட்டியிருந்தாரு."

ஜெரூஷாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வாடகைக்கு இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது அவளுடைய இரண்டாவது பீரியடின் முதல் பத்தி.

அந்த வாரம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. அட்டவணைப்படி வந்ததுதான். முன்னதாக ஒரு நாள் தபீதாளைக் கல்லூரிக்கே கூட்டிவந்து துறை அறையில் உட்காரவைத்திருந்தாள். முதல்வர் அழைத்து, இன்னொரு நாள் வேண்டாமே மேடம் என்று மென்மையாகச் சொல்லியிருந்தார். அன்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்று இரண்டாவது பாதியை நடத்தினாள். நூலகங்களின் நேரம் சுருங்கியது. கோடைப் பள்ளிகள் நின்றன. வரிக் குறைப்பின் பலனில் பெரிய பங்கு வணிகக் கட்டடங்களுக்கும் வாடகைக்கு விடுபவர்களுக்கும் போயிற்று. வரி குறைந்தால் வாடகை குறையும் என்று நம்பியவர்கள் காத்திருந்தார்கள். ஆனால் இதையெல்லாம்விடப் பெரிதாக ஒன்று நடந்தது என்றாள். வீட்டைக் காப்பாற்ற எழுந்த கோபத்தைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கமே ஒரு சுமை, பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் செலவழிப்பது யாரோ ஓசியில் தின்பதற்கு, மனிதனுக்குக் குடும்பமும் சபையும் போதும் என்று அந்தக் கோபத்துக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பேச்சு மாநிலம் மாநிலமாகப் போயிற்று. இரண்டே வருடத்தில் அதைப் பேசியவர் நாட்டின் அதிபரானார். முதலில் கையெழுத்துப் போட்ட கிழவர்களில் பலர் தாங்கள் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்று நினைத்தார்களோ, கடைசியில் வந்தது அது அல்ல.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "மேம், அந்த வயசானவங்க வீடு மிஞ்சுச்சா?"

"மிஞ்சுச்சு" என்றாள் ஜெரூஷா.

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. இவர்களிடம் சொல்லிவிட்டேன், சங்கக் கூட்டத்தில் சொல்லவில்லை, சொல்ல விடவில்லை. இவர்களுக்குச் சொந்த வீடே இல்லை, அங்கே இருந்தவர்களுக்குத்தான் இருந்தது என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை சத்தியநாதன் ஜெரூஷாவின் வீட்டுக்கு வந்தார். உள்ளாட்சித் தேர்தலில் வார்டுக்கு நிற்பதாக அவர் முடிவுசெய்திருந்தார். அதைப் பற்றி நேரடியாகப் பேசாமல், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையைப் பற்றிப் பேசினார். அந்த ஏலத்தில் சேரும் பணத்தில் சங்கமே, மாநகராட்சியின் தயவு இல்லாமல், மூடிய மையத்தின் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து அன்பின் இல்லம் ஒன்று தொடங்கப்போகிறதாம். ஜெரூஷா தபீதாளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஜனங்கள் முன்னால் இரண்டு நிமிடம் சாட்சி சொல்லவேண்டும். சர்க்கார் கைவிட்டது, அன்பு தாங்கியது என்கிறமாதிரி.

ஒரு கணம் அவளுக்கு மூச்சே லேசானது. தபீதாள் மறுபடியும் காலையில் கிளம்பலாம். வி.ஆர்.எஸ். பேச்சு முடிந்துவிடும். பொய் சொல்லவேண்டியதில்லை.

"எல்லாரும் வரலாமா சார்? பழைய ஆளுங்க பன்னிரண்டு பேரும்?"

"முதல்ல நம்ம சங்கத்துக் குடும்பங்க மேடம். நாலு பேர் இருக்காங்க. தபிக்குத்தான் முதல் இடம், அது என் வாக்கு. மத்தவங்களப் பிறகு பாக்கலாம். ஏரிக்கரை ஆளுங்க, வாடகைக்கு இருக்கறவங்க, இன்னிக்கு இருப்பாங்க நாளைக்குப் போயிடுவாங்க. கொடுக்கறவங்களுக்கும் ஒரு இது வேணும்ல?"

"சித்திகா?"

"சபைல தன்னார்வமா வர நிறைய சகோதரிங்க இருக்காங்க."

டெனிஸ் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் ஆவல் இருந்தது. பாத்தியா, நான் சொன்னேன்ல, எல்லாம் சரியாயிடும்னு என்கிற ஆவல். அவள் பார்க்கலாம் என்றாள். இருவரும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு காப்பி குடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய வளாகத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கரும்பும் வாழைத்தாரும் சேவல்களும் கேக்குகளும் மேசையில் நிறைந்திருந்தன. ஏலம் விடுபவர் பாலு, எலக்ட்ரிக்கல் கடைக்காரர். வருடாவருடம் அவர்தான். அவர் வாய்க்குப் பயந்தே ஆட்கள் விலையை ஏற்றுவார்கள். ஒரு எலுமிச்சம்பழம் ஓட்டல் சாப்பாட்டு விலைக்குப் போனது. எடுத்தவர் அதைத் திரும்பக் கொடுத்து, மறு ஏலம் விடச் சொன்னார். அதுதான் அங்கே பெருமை: எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் திரும்பத் தருவது. கறுப்புக்கொடி கட்டிய கைகள் எல்லாம் உயர்ந்து உயர்ந்து தாழ்ந்ததை ஜெரூஷா பார்த்தாள். இவர்கள் கஞ்சர்கள் இல்லை. கொடுக்கிறார்கள். கொடுக்கும்போது எல்லோரும் பார்க்கவேண்டும், யாருக்கு என்று தாங்களே சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

பிறகு பாலு குனிந்து ஒரு பூசணிக்காயைத் தூக்கினார். அதன் ஒரு பக்கம் தட்டையாக, கம்பியின் தடம் கோடு கோடாகப் பதிந்திருந்தது.

"அக்கா" என்றாள் தபீதாள். எழுந்தே நின்றுவிட்டாள். "எங்க காய். அது எங்க காய்."

ஜெரூஷா அவளை உட்காரவைத்தாள். தபீதாள் உட்கார்ந்தாள், ஆனால் கண் அங்கேயே இருந்தது. "இரம் எங்க?" என்று கேட்டாள். "இரம் பறிச்சுதா?"

"மூடின மையத்துல காய்ச்சது, தலைவர் கையால பறிச்சுகினு வந்தாரு" என்று பாலு மைக்கில் சொன்னார். "அன்பின் இல்லத்துக்கு மொத காணிக்கை. இன்னா சார், கம்முனு கீறீங்க? சாம்பாருக்கா கேக்கறேன்? கேளுங்க."

விலை ஏறியது. சத்தியநாதன் கேட்டார், யாரோ கேட்டார்கள், பின்வரிசையிலிருந்து டெனிஸின் குரல் கேட்டது. பிறகு டெனிஸின் குரல் மட்டும் கேட்டது. அவர் முன்னால் போய்க் காயை வாங்கி, இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டி, மறு ஏலத்துக்கு என்று திரும்ப மேசையில் வைத்தார். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. அவர் முகத்தில் கண்ணீர் இருந்தது. அது உண்மையான கண்ணீர் என்பது ஜெரூஷாவுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அந்த முகத்தைத் தெரியும். தபீதாள் மட்டும் தட்டவில்லை. வாங்கிய காயை அத்தான் ஏன் வீட்டுக்குக் கொண்டுவராமல் மறுபடி அங்கேயே வைத்தார் என்று அவளுக்குப் புரியவில்லை.

சத்தியநாதன் மேடையில் ஏறி, இப்போது நம்ம சகோதரி ஜெரூஷா சாட்சி சொல்லுவாங்க என்றார். பாலு மைக்கின் ஒயரை இழுத்துக்கொண்டு அவள் நாற்காலி வரை வந்தார். போட்டோ எடுப்பவர் ஒருவர் குனிந்து குறிபார்த்தார். டெனிஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள். பழக்கமான கனம். பாடத்தின் மறு பாதியைச் சொல்லிவிடலாம் என்ற நினைப்பு ஒரு நொடி வந்தது. இந்தப் பந்தலில் எதைச் சொன்னாலும் இவர்கள் தங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொள்வார்கள் என்பதும் கூடவே வந்தது. தபீதாளின் கை அவள் கைக்குள் வியர்த்திருந்தது. அவளுடைய மறு கையில் எப்போதும் இரம்மின் கை இருக்கும். நாளைக் காலை தபீதாள் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பாள். மையத்தின் பூட்டைக் காட்டியே சொல்லிவிடவேண்டும். அழுவாள். சித்திகாவின் வீட்டுக்குக் கூட்டிப்போகவேண்டும், அவள் கதவைத் திறந்தால். அதற்கப்பால் என்ன என்று தெரியவில்லை.

"ரெண்டே வார்த்த ஜெரு" என்று டெனிஸ் குனிந்து சொன்னார். "தபிக்காக."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மைக்கின் பொத்தானை அணைத்து, பாலுவிடம் திருப்பி நீட்டினாள்.

"நாங்க சாட்சி சொல்லலைங்க பாலு அண்ணா" என்றாள், பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி. "நீங்க அடுத்த பொருள எடுங்க."